ரப்பிங் டெஸ்டில் தேறிய கரி

நித்தீஷின் ஜாதகம் சுத்தமாக இருந்தது. பயோடேட்டாவில்தான் ஒரு பொய் இருந்தது. அதுவும் கடைசி வரியில், பொழுதுபோக்கு என்ற இடத்தில்.

அந்த வரியை யாரும் படிக்கமாட்டார்கள் என்று தரகர் அடித்துச் சொல்லியிருந்தார். குலத்தில் என்ன கூட்டம், எத்தனை ஏக்கர், கம்பெனியில் எத்தனை மெஷின் ஓடுகிறது, கூடப்பிறந்தவர்கள் உண்டா என்று பார்த்துவிட்டுப் பெண் வீட்டார் தாளை மடித்துவிடுவார்களாம்.

"கிரிக்கெட்டு, மியூசிக்குன்னு போட்டுருங்க தம்பி. எல்லாத்துக்கும் அதுதான் போடறது."

நித்தீஷ் யோசித்தான். திருப்பூர் ஜில்லாவில் கல்யாணம் ஆகாமல் இருக்கும் இருபத்தெட்டு வயதுக்காரர்கள் அத்தனை பேரும் கிரிக்கெட், மியூசிக். தான் கொஞ்சம் தனித்துத் தெரிய வேண்டாமா? இரண்டு மாதத்துக்கு முன்பு கோயம்புத்தூரில், மேசை நடுவே கரியடுப்பு பதித்த ஓட்டல் ஒன்றுக்குப் போயிருந்தான். அங்கே கம்பியில் குத்தி வைத்திருந்த அன்னாசித் துண்டு ஒன்றைச் சர்வர் வரும்முன் அவனே திருப்பிப் போட்டான். அந்த முன்அனுபவத்தின் பேரில் 'பார்பிக்யூ சமையல்' என்று எழுதினான்.

பயோடேட்டா குண்டடத்துக்குப் போனது. அங்கே கீர்த்தனா என்று ஒரு பெண் இருந்தாள். அவள் எந்தத் தாளையும் கடைசி வரியிலிருந்து படிக்கிறவள்.

குண்டடத்தில் கீர்த்தனாவின் அப்பா சென்னியப்பனுக்குத் தென்னந்தோப்பு. தோப்பை ஒட்டி ஒரு களம். களத்தில் குழி வெட்டி, தேங்காய்த் தொட்டியை, அதாவது சிரட்டையை, கொட்டிச் சுட்டு, கரியாக்கி, மூட்டை பிடித்து லாரியில் அனுப்புகிறார்கள். எம்.காம். முடித்துவிட்டு மூன்று வருஷமாக அந்தக் களத்தைக் கீர்த்தனாதான் பார்த்துக்கொள்கிறாள். கரிக்களக்காரர் மகளிடம் போய்க் கரியில் சமைப்பேன் என்று கதை விட்டிருக்கிறோம் என்பது, பெண் பார்க்கப் போய் அந்த வாசலில் இறங்கிய பிறகுதான் நித்தீஷுக்குத் தெரிந்தது. இறங்கிய காரில் மறுபடி ஏற முடியாது. பின்னால் அம்மா தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

கீர்த்தனா காப்பித் தட்டோடு வரவில்லை. லாரிக்காரர் ஒருவரோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டே வந்தாள். சபையைப் பார்த்ததும் ஒரு விரலைத் தூக்கி, "ஒரு நிமிசமுங்க" என்றாள். பிறகு போனில், "ஈர மூட்டையக் கீழ வெச்சு எடை போட்டா எனக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டு முடித்துவிட்டு உட்கார்ந்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் நித்தீஷுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இவள் இல்லாவிட்டால் கிரிக்கெட், மியூசிக் என்று மாற்றிப் போட்டுக்கொண்டு ஆயுசுக்கும் அலைய வேண்டியதுதான் என்று தோன்றியது.

"எல்லாரும் பாட்டுக் கேப்பமுன்னு போட்டிருக்கறாங்க," என்றாள் கீர்த்தனா. "நீங்க ஒருத்தர்தான் கரி. எந்தக் கரி வெப்பீங்க?"

எந்தக் கேள்விக்கும் நித்தீஷைப் போன்ற பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அது தானாக வாயில் வந்தது.

"அது என்ன அயிட்டமோ, அதப் பொறுத்துதானுங்க."

கீர்த்தனாவின் புருவம் ஒரு நூல் உயர்ந்தது. சரியான பதில் அதுதான் போலிருக்கிறது. நித்தீஷுக்கு அதுவும் தெரியாது.

"செரீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை உங்க ஊடு பாக்க எங்கப்பா வர்றாங்க. நானும் வர்றேன். நீங்களே சுடுங்க. பாத்துட்டுச் சொல்றேன்."

மாப்பிள்ளை வீடு பார்க்கப் பெண் வருவது வழக்கமில்லை. சென்னியப்பன் சபையைப் பார்த்து, "சொன்னாக் கேக்காதுங்க," என்று மட்டும் சொன்னார்.

*

பொங்கியண்ணனின் பனியன் கம்பெனி வேலம்பாளையத்தில் இருக்கிறது. நாற்பது மெஷின், குழந்தைத் துணி, ஐரோப்பாவுக்குப் போகிறது. கம்பெனிக்கும் வீட்டுக்கும் ஒரே காம்பவுண்டு. ஒரே மகன் நித்தீஷ் அங்கேயே மெர்ச்சண்டைசர். பட்டன் எந்த அளவு, லேபிள் எந்தப் பக்கம் என்று வெளிநாட்டுக்காரனுக்கும் தையல்காரருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம்.

அந்த உத்தியோகத்துக்கு ஒரு வேதம் உண்டு. முதலில் சாம்பிள். வெளிநாட்டுக்காரன் பார்த்து 'ஓகே' சொன்னால் அதைக் கவரில் போட்டு, சீல் வைத்து, கையெழுத்து வாங்கிப் பீரோவில் பூட்ட வேண்டும். அதன் பிறகு ஓடுவதெல்லாம் அதைப் போலவே இருக்க வேண்டும். சாம்பிளை யாரும் உடுத்திப் பார்க்கக் கூடாது, துவைக்கக் கூடாது, தொட்டால்கூடப் பாவம். இந்த முறையில் நித்தீஷ் ஆறு வருஷத்தில் ஒன்பது லட்சம் பனியன் அனுப்பியிருக்கிறான். கரிக்கு மட்டும் வேறு முறையா?

திங்கட்கிழமையே இணையத்தில் படித்து முடித்தான். விஷயம் எளிமையாகத்தான் இருந்தது. மரக்கரி சட்டென்று பிடிக்கும், சூடு எகிறும், சீக்கிரம் தீரும். மீன், மெல்லிய இறைச்சித் துண்டு என்றால் அதுதான். கரித்தூளை மாவுப் பசையில் பிசைந்து அச்சில் அழுத்திச் செய்யும் கட்டி பிடிக்க நேரமாகும். பிடித்துவிட்டால் மூன்று மணி நேரம் ஒரே சீராக நிற்கும். முழுக்கோழியை மூடிபோட்டு நிதானமாக வேகவைக்க ஏற்றது. தொட்டிக்கரியில் புகை கம்மி, சூடு பலம். ஆனால் துண்டு பொடிசாக இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று படிந்து காற்றை அடைத்துக்கொள்ளும்.

படித்ததைப் படித்தபடி விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. நித்தீஷ் புதன்கிழமைக்குள் மூன்றிலும் சாம்பிள் வரவழைத்தான். கட்டி ஆன்லைனில் வந்தது. தொட்டிக்கரியைக் காங்கேயம் பக்கத்துக் களம் ஒன்றில், குண்டடத்துக்குத் தகவல் போகாதபடி, நண்பன் பெயரில் வாங்கினான். மரக்கரி முனீஸ் கொண்டுவந்தது.

முனீஸ், கம்பெனியின் அயர்ன் மாஸ்டர். முதுகுளத்தூர் பக்கத்துக்காரன். அவன் ஊரில் சீமைக்கருவேலத்தை வெட்டி மண் பூசி மூட்டம் போட்டுக் கரி எடுப்பதைத் தவிர வெயில் காலத்தில் வேறு வேலை கிடையாது. அந்த வேலையிலிருந்து தப்பித்துத் திருப்பூருக்கு வந்தவனிடம் ஊரிலிருந்து கரி கொண்டுவரச் சொன்னபோது, அவன் நித்தீஷை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான்.

"கரியப் பாக்கக் கூடாதுன்னு முந்நூறு கிலோமீட்டர் ஓடி வந்தேன். அது என்னையப் பஸ்ஸு ஏறித் தேடி வருது," என்றான். ஆனாலும் கொண்டுவந்தான்.

மூன்று சாம்பிளும் லைட் பாக்ஸுக்குள் வரிசையாக உட்கார்ந்தன. துணியின் நிறம் வெளிநாட்டுக் கடை வெளிச்சத்தில் எப்படித் தெரியும் என்று பார்க்கிற பெட்டி அது. நித்தீஷ் ஒவ்வொரு விளக்காக மாற்றிப் போட்டுப் பார்த்தான்.

"சின்னவரே, என்னத்தைத் தேடுறீங்க?" என்றான் முனீஸ்.

"சேடு வேரியேசன். உங்க ஊருக் கரி ஒரு பக்கம் பழுப்படிக்குது பாரு."

"கறுப்புல என்ன சேடு? கறுப்புன்னா கறுப்பு."

"கறுப்புல மட்டும் நம்மகிட்ட பதினேழு இருக்குது, முனீசு."

"சரி. எங்க ஊருக் கரிக்கு மாப்பிள்ளை பாக்கப் போறதில்ல. நெறம் கெடக்கட்டும்."

முதுகுளத்தூர்க் கரி அளவிலும் அடிபட்டது. ஒன்று முழங்கை நீளம், ஒன்று சுண்டுவிரல். கட்டி அளவில் கச்சிதம், ஆனால் கோழிக்கால்களைச் சுடுவதாகத் திட்டம். மூடிபோட்டு மூன்று மணி நேரம் காத்திருக்கும் சமையல் அது இல்லை. மேலும் கரிக்களக்காரர் வீட்டுச் சம்பந்தத்துக்கு ஆன்லைன் கரி வைப்பது மரியாதையாக இருக்காது. ஆகவே தொட்டிக்கரி. பெரிய துண்டாகப் பொறுக்கி ஒரு கவரில் போட்டு, சீல் வைத்து, 'அப்ரூவ்டு' என்று எழுதித் தேதி போட்டான்.

"பத்த வெச்சுப் பாக்கலையா?" என்றான் முனீஸ்.

"சீல் வெச்ச சாம்பிளைப் போட்டுப் பாப்பாங்களா?"

"அது பனியனு. இது கரி. எரியுதா இல்லையான்னு தெரிய வேணாமா?"

"எரியறதுக்குப் பேருதானப்பா கரி."

உண்மையில் அந்தக் கரி, அந்த நிமிஷத்தில், அருமையாக எரிந்திருக்கும்.

*

வியாழக்கிழமை மதியம் நித்தீஷுக்கு ஒரு டெஸ்ட் பாக்கியிருப்பது நினைவுக்கு வந்தது. ரப்பிங். சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க, சாயத் துணியின்மேல் வெள்ளைத் துணியைப் பத்துத் தரம் தேய்ப்பார்கள். துணி வெள்ளையாகவே இருந்தால் ஐந்து மார்க். நாசமாகிவிட்டால் ஒன்று. நாலுக்குக் கீழே போனால் சரக்கு கப்பல் ஏறாது.

தொட்டிக்கரி ஒன்று வாங்கியது. ஒன்றுக்குக் கீழே மார்க் இல்லாததால் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை வரப்போகிறவர்களை நித்தீஷ் நினைத்துப் பார்த்தான். சென்னியப்பன் மல்லுவேட்டி, வெள்ளைச் சட்டை. கூட வருகிற கீர்த்தனாவின் அத்தை பூவாத்தாள் சந்தன நிறத்தைவிட அடர்ந்த சேலை எதுவும் கட்டாதவர் என்று தரகர் சொல்லியிருந்தார். மொட்டை மாடியில் காற்று வேறு அடிக்கும். கரித்தூள் பறந்து சம்பந்தி வேட்டியில் உட்கார்ந்தால் முதல் நாளே கெட்ட பெயர்.

திருப்பூரில் துணிக்கு எந்த நோய் வந்தாலும் ஒரே வைத்தியம்தான். சாயம் ஒட்டுகிறதா, இன்னொரு வாஷ். சுருங்குகிறதா, இன்னொரு வாஷ். வாடையா, வாஷ். நித்தீஷ் எட்டுக் கிலோ தொட்டிக்கரியை வலைப்பையில் கட்டி, சாம்பிள் துவைக்கும் மெஷினுக்கு முனீஸிடம் கொடுத்தனுப்பினான்.

மெஷினைப் பார்த்துக்கொள்கிற பீகார்க்காரர் பையை அவிழ்த்துப் பார்த்தார்.

"கோய்லா?" என்றார்.

"கோய்லா," என்றான் முனீஸ்.

அவர் சற்று நேரம் யோசித்தார். பன்னிரண்டு வருஷ சர்வீசில் கேட்காத சந்தேகம் எதையும் அவர் இப்போது கேட்டுவிடவில்லை.

"லைட் கலரா, டார்க் கலரா?"

"டார்க்," என்றான் முனீஸ்.

பட்டனைத் திருப்பிவிட்டார்.

மெஷின் சுற்றிக்கொண்டிருந்தபோது பொங்கியண்ணன் அந்தப் பக்கம் வந்தார். கண்ணாடிக் கதவுக்குள் கறுப்புத் தண்ணீர் மோதுவதைப் பார்த்து நின்றார்.

"என்றா கண்ணு ஓடுது?"

"கரிங்ப்பா."

"எத்தன கிலோ?"

"எட்டுங்."

"மெசினு பன்னெண்டு கிலோவல்லோ. பாதி லோடுல ஓட்டறயே, கரண்டு என்ன சும்மாவா வருது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று தண்ணீர் அலசி, பிழிந்து, டிரையரில் நாற்பது நிமிஷம் சூடு காட்டி எடுத்தபோது கரி பார்க்கப் பிரமாதமாக இருந்தது. தூசு இல்லை, பளபளப்பு இருந்தது, கைக்கு உலர்ந்திருந்தது. நித்தீஷ் வெள்ளைத் துணியால் பத்துத் தரம் தேய்த்தான். நாலு. லேசான நிழல் மட்டும்.

"கரியக் கழுவிக் காய வெச்சுக் கவர்ல போட்ட கம்பெனி உலகத்துலயே நம்ம ஒண்ணுதான்," என்றான் முனீஸ்.

"உள்ள வரைக்கும் எவ்வளவு கிளீனா இருக்குது, பாத்தியா?"

முனீஸ் பார்க்கவில்லை. உள்ளே எப்படி இருக்கிறது என்று யாரும் ஒரு துண்டை உடைத்துப் பார்க்கவில்லை. பனியனுக்கு உள்ளே என்று தனியாக ஒன்று கிடையாது. திருப்பிப் போட்டால் அதுதான் உள்ளே.

அதே மெஷினில் அடுத்து ஓடிய இருபத்திரண்டு வெள்ளைக் குழந்தைச் சட்டைகளும் சாம்பல் கலந்தடித்த கிரே மெலஞ்சாக வெளியே வந்தன. அதற்கு நித்தீஷ் தனியாக ஒரு விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதில் கரி என்ற சொல் வரவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரைக்குக் கார் வந்தது. சென்னியப்பன், பூவாத்தாள், கீர்த்தனா. வீடு பார்க்கிற சடங்கு முறைப்படி நடந்தது. போரில் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டார்கள். பூவாத்தாள் சமையலறைக் குழாயைத் திறந்து மூடினார், படுக்கையறை ஜன்னலில் கம்பி கெட்டியா என்று ஆட்டினார். பிறகு எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறினார்கள்.

பந்தல் போட்டு, நாற்காலி போட்டு, நடுவில் புது பார்பிக்யூ அடுப்பு. பக்கத்தில் மசாலா தடவிய கோழிக்கால்கள் ஒரு தட்டு. கரி, பாலிதீன் கவரில், ஸ்டிக்கரோடு. ஸ்டிக்கரில் லாட் நம்பரும் எடையும் இருந்தன. கீர்த்தனா குனிந்து அதைப் படித்தாள்.

நித்தீஷ் கரியை அடுப்பில் கூம்பாக அடுக்கினான். இடுக்கில் கற்பூரம் வைத்துப் பற்றவைத்தான். கற்பூரம் எரிந்து தீர்ந்தது. இன்னும் நாலு வைத்தான். அதுவும் தீர்ந்தது. வாசனைக்குப் பொங்கியண்ணன் அனிச்சையாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கரியின் மேல் வெள்ளையாக ஏதோ எழும்பியது.

"பொகை வருது, பிடிச்சிருச்சு," என்றார் பொங்கியண்ணன் பெருமையாக.

"அது ஆவிங்க," என்றாள் கீர்த்தனா.

முழுப் பெட்டிக் கற்பூரத்தையும் கொட்டி, முனீஸ் அட்டையால் வீசினான். கரி உஸ்ஸென்றது. பிறகு ஒரு துண்டு பட்டென்று வெடித்து, பொறி ஒன்று மேலே போய், நிதானமாக இறங்கிச் சென்னியப்பனின் வேட்டியில் உட்கார்ந்தது. மூன்று பேர் தட்டினார்கள். பயறு அளவுக்கு ஓட்டை. பொங்கியண்ணன் குனிந்து ஓட்டையைத் தொட்டுப் பார்த்து, "பக்கத்துல தையல் இல்லீங்க, நூலு ஓடாது," என்று ஆறுதல் சொன்னார்.

"பரவால்லீங்க," என்றார் சென்னியப்பன். அவர் வேட்டியைப் பார்க்கவில்லை, கரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷமாகக் கரி சுடுகிற மனிதருக்கு, எரியமாட்டேன் என்கிற கரியைப் பார்ப்பது புது அனுபவம். "மழையில கிழையில மாட்டிருச்சுங்களா, மாப்ளே?"

மாப்ளே என்ற சொல் நித்தீஷின் காதில் விழுந்து, கை வைக்குமுன் வழுக்கிப் போவது போலிருந்தது. இன்று எரியாவிட்டால் அந்தச் சொல் அடுத்த வாரம் வேறு யாருக்கோ.

கீர்த்தனா எழுந்து வந்தாள். கவரில் மிச்சமிருந்த ஒரு துண்டை எடுத்து உள்ளங்கையில் தூக்கிப் பார்த்தாள். இரண்டாக ஒடித்தாள். உடைந்த இடத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நித்தீஷிடம் நீட்டினாள். தொட்டான். ஜில்லென்றது.

"கழுவுனீங்களா?"

"ஆமாங்."

"கரிய."

"ஆமாங்."

கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அதுவும் பற்றவில்லை.

இந்த மாதிரி நேரத்துக்குப் பெரியவர்கள் வைத்திருக்கிற வழி ஒன்று உண்டு. பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார்.

"சின்னஞ்சிறுசுக ஒரு பத்து நிமிசம் தனியாப் பேசிக்கட்டுமுங்க. நாம கீழ போயி மோரு குடிப்போம்."

நித்தீஷின் அம்மா விஜயகுமாரி அதற்குமுன்பே கீழே போயிருந்தாள். மகனைப் பெற்றவள் ஆதலால், காலை ஆறு மணிக்கே நாட்டுக்கோழிக் குழம்பு வைத்து முடித்து அடுப்பை அணைத்திருந்தாள். பூவாத்தாள் படி இறங்கும்போது, "பத்து நிமிசந்தான், அம்மிணி," என்று ஞாபகப்படுத்தினார். முனீஸ் கடைசியாக இறங்கினான். இறங்கும்போது நித்தீஷைப் பார்த்த பார்வையில் முதுகுளத்தூர் மொத்தமும் தெரிந்தது.

*

"எதுக்குக் கழுவுனீங்க?" என்றாள் கீர்த்தனா.

குரலில் சிரிப்பு இல்லை. நித்தீஷ் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"இதுக்கு முன்ன ரெண்டு எடம் வந்துச்சுங்க. ஒருத்தரு கோயமுத்தூரு. கல்யாணத்துக்குப் பொறவு களத்துப் பக்கம் போவ வேண்டாம், கை கறுத்துப் போவுமுன்னாரு. இன்னொருத்தரு கை நீட்டச் சொல்லிப் பாத்தாரு." அவள் உள்ளங்கையை விரித்தாள். ரேகைகள் மட்டும் பேனாவால் வரைந்தது போல் கறுப்பாக ஓடின. "இது சோப்புக்குப் போவாதுங்க. நீங்களும் கை கறுக்குமுன்னுதான் கழுவுனீங்களா?"

நித்தீஷுக்கு இப்போதுதான் உண்மையாகவே பயம் வந்தது. அதுவரை இருந்தது வெட்கம் மட்டும்தான்.

"இல்லீங்க. ரப்பிங் ஒண்ணு வந்துச்சுங்க."

"என்ன வந்துச்சு?"

ரப்பிங் என்றால் என்ன, பத்துத் தரம் தேய்ப்பது, ஐந்து மார்க், நாலுக்குக் கீழே கப்பல் ஏறாது எல்லாவற்றையும் சொன்னான். லைட் பாக்ஸையும் விடவில்லை. "உங்கப்பா வேட்டி வெள்ளைங்க. உங்க அத்தை சீலை சந்தனக் கலருன்னு சொன்னாங்க. காத்துல பறந்து ஒட்டிக்குமுன்னு பயந்தனுங்க. கைய நான் யோசிக்கவே இல்லீங்க."

கீர்த்தனா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், "கழுவுன பொறவு எத்தன வந்துச்சுங்க?" என்றாள்.

"நாலு."

"பரவால்லீங்களே."

"இன்னொண்ணு சொல்லோணும்," என்றான். இவ்வளவு ஆன பிறகு மிச்சம் வைப்பதில் லாபமில்லை. "எனக்கு இந்தச் சமையலு தெரியாதுங்க. ஓட்டல்ல ஒரு அன்னாசித் துண்டத் திருப்பிப் போட்டேன். அவ்வளவுதான் அனுபவம்."

"ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் இரண்டு தரம் குலுங்கியது.

"எப்ப ஏமாத்தறாங்கன்னு எனக்குத் தெரியுமுங்க," என்றாள் திரும்பி. "எம் பொழப்பே ஈர மூட்டையக் கண்டுபிடிக்கறதுதான். ஆனா தானாக் கழுவி, தானா லாட் நம்பரும் போட்டு ஒட்டுன ஆளு நீங்கதான் மொதலு. இது எங்க களத்துக் கரியும் இல்ல. காங்கேயம் பக்கமா?"

"ஃப்ரெண்டு பேர்ல வாங்குனனுங்க."

"டிரம்முல சுட்டது. எரியும். காயணும், அவ்வளவுதான். கீழ போயி, இன்னிக்கி ஒடைச்ச தேங்காயோட தொட்டி இருந்தா எடுத்துட்டு வாங்க. அப்பிடியே ஒரு முறமும்."

நித்தீஷ் இறங்கிப் போய் ஆறு தொட்டிகளும் முறமுமாக வந்தான். அவள் அவற்றை அடுப்பின் நடுவில் கவிழ்த்து அடுக்கிப் பற்றவைத்தாள். நார் பிடித்து, கொழுந்து விட்டு, கறுப்புப் புகை அடித்தது. கொழுந்து அடங்கித் தணலானதும், ஈரக் கரியைத் தணல்மேல் போடாமல் சுற்றி வட்டமாக வைத்தாள். "நேராப் போட்டா வெடிக்கும். ஓரத்துல உக்காந்து காயட்டும். காஞ்சதை ஒவ்வொண்ணா உள்ள தள்ளலாம்."

நித்தீஷ் கிடுக்கியைத் தேடினான். மாடியில் இல்லை. கையாலேயே எடுத்து வைத்தான். பத்தாவது துண்டில் நாலு மார்க் மூன்றானது. அவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"அம்மிணி, ஆச்சா?" என்று கீழிருந்து சென்னியப்பன் கேட்டார். பத்து நிமிஷம் முடிந்திருந்தது.

"கரி இன்னுங் காயலீங்ப்பா."

கரி விஷயத்தில் சென்னியப்பன் மகளை எதிர்த்துப் பேசுவதில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

அவள் முறத்தால் வீசினாள், அவன் தள்ளினான். கை ஓய்ந்ததும் மாற்றிக்கொண்டார்கள். கல்யாணம் ஆனாலும் வாரத்தில் நாலு நாள் களத்துக்குப் போவேன் என்றாள். இங்கிருந்து குண்டடம் போக ஒன்றேகால் மணி நேரம் என்று அவன் கணக்குச் சொன்னான். போய்வர ரெண்டரை, அது தனக்கும் தெரியும் என்றாள் அவள். நடுவில், பல்லடத்தில், வீடு பார்க்கலாமே என்று அவன் வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு, வீடு அளவுக்குப் போயிருக்கக் கூடாதோ என்று ஒரு துண்டைத் தேவையில்லாமல் திருப்பி வைத்தான். அவள் வீசுவதை நிறுத்தாமல், பல்லடத்தில் லாரிச் சத்தம் அதிகம், கொஞ்சம் உள்தள்ளிப் பார்க்கணும் என்றாள்.

அரை மணி ஆனபோது பொங்கியண்ணன் கூப்பிட்டார். முக்கால் மணி ஆனபோது விஜயகுமாரி வந்து, பாதிப் படியில் நின்று, இரண்டு டம்ளர் மோரை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றுதான். காயவில்லை. கீழே பெரியவர்கள் இனிமேல் பேச ஒன்றுமில்லாமல், வேட்டி ஓட்டையை எப்படித் தைத்தால் தெரியாது என்பதைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பொங்கியண்ணன் தன் தையல் மாஸ்டருக்கே போன் போட்டுவிட்டார்.

அவள் படித்த காலேஜில் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றிச் சொன்னாள். அவன் கிரே மெலஞ்ச் சட்டைகளைப் பற்றிச் சொன்னான். கடிதத்தில் என்ன காரணம் எழுதினீர்கள் என்று கேட்டாள். தண்ணீரில் கடினத்தன்மை என்றான். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். மூக்கில் ஒரு கரிக்கோடு விழுந்தது. அவனுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் கடைசித் துண்டும் உள்ளே போயிற்று. அடுப்பு முழுக்கச் சீரான தணல், மேலே மெல்லிய வெள்ளைச் சாம்பல். நித்தீஷ் படித்திருந்தான்: கம்பிக்கு மேலே உள்ளங்கையைப் பிடித்து மூன்று எண்ணுவதற்குள் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தால் சூடு சரி. பிடித்தான். இரண்டிலேயே இழுத்துக்கொண்டான். அன்றைக்கு அவன் சரியாகப் படித்து, சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். கோழித் தட்டை எடுத்தான்.

படியில் செருப்புச் சத்தம். இந்தத் தடவை பூவாத்தாள் கூப்பிடவில்லை, ஏறியே வந்துகொண்டிருந்தார். பாதியில் மூச்சு வாங்க நின்றார்.

"ஏனம்மிணி, மணி ரெண்டாச்சு. எல்லாருக்கும் பசி. ஆச்சா, இல்லியா?"

கீர்த்தனா அடுப்பைப் பார்த்தாள். தணல் கண்ணைப் பறித்தது. மூன்று வருஷமாகக் கரியே பிழைப்பாக இருக்கிறவள், அதைத் தலைமுதல் கால்வரை ஒரு தடவை நிதானமாகப் பார்த்தாள். பிறகு தட்டோடு நிற்கிற நித்தீஷைப் பார்த்தாள்.

"இன்னுங் காயலீங்கத்தே," என்றாள். "அரை மணி நேரமாச்சும் ஆவும். நீங்க சாப்புடுங்க."

நித்தீஷ் தட்டைக் கீழே வைத்தான்.